கெடு தேதிக்கு ஒரு பரீட்சை

2025-ஆம் வருஷம் ஜனவரி மாதம் 18-ஆம் தேதி, சனிக்கிழமை சாயங்காலம். பொங்கல் கொண்டாடிய களைப்பு இன்னும் தீரவில்லை. வாசலில் கரும்புச் சக்கை காய்ந்துகொண்டிருந்தது. கல்லூரியில் இரண்டாவது வருஷம் கணிதம் படிக்கிற அடுத்த வீட்டுப் பெண், கையில் ஒரு துண்டுக் காகிதத்துடன் நம் எதிரில் வந்து நின்றாள்.

"மாமா, இதைக் கொஞ்சம் பாருங்கள்" என்றாள்.

பார்த்தோம். கல்லூரி நூல்நிலையத்துக் கம்ப்யூட்டர் அச்சடித்துக் கொடுத்த சீட்டு. புத்தகம் எடுத்தது ஜனவரி 2. திருப்பித் தரவேண்டிய கெடு தேதி ஜனவரி 17. திருப்பித் தந்தது ஜனவரி 18. தாமதம் ஒரு நாள். அபராதம் ஒரு ரூபாய்.

பெருந்தன்மையுடன் நாம் பர்ஸை எடுத்தோம். அந்தப் பெண்ணின் முகம் சிவந்துவிட்டது.

"ரூபாய் என்னிடமே இருக்கிறது, மாமா. பதினேழாம் தேதி காலேஜே கிடையாது. பூட்டின கதவிடம் போய்ப் புத்தகத்தைக் கொடுக்க முடியுமா? தாமதம் என்று என் பெயருக்கு நேரே ஏறிவிட்டது. அபராதம் கட்டுகிற வரையில் அடுத்த புத்தகம் தரமாட்டார்களாம். கட்டினால், தப்பு என்னுடையது என்று நானே ஒப்புக்கொண்டதாக ஆகாதா?"

நாம் பர்ஸை மூடினோம். அந்தக் கேள்விக்கு ஒரு ரூபாய் பதிலாகாது என்பது நமக்கே தெரிந்தது.

அவள் சொன்னது முழுதும் உண்மை. அவ்வருஷம் பொங்கல் ஜனவரி 14, செவ்வாய்க்கிழமை. மறுநாள் திருவள்ளுவர் தினம். அதற்கு மறுநாள் உழவர் திருநாள். 17-ஆம் தேதி வெள்ளிக்கிழமை முதலில் வேலை நாளாகத்தான் இருந்தது. அவள் புத்தகம் எடுத்துச் சென்ற பிறகுதான், வெளியூர் சென்றவர்களின் சௌகரியத்தை உத்தேசித்து, தமிழ்நாட்டு அரசாங்கத்தார் அதையும் விடுமுறையாக அறிவித்தார்கள். அதற்கு ஈடாக 25-ஆம் தேதி சனிக்கிழமை வேலை நாள் ஆயிற்று. ஊரெல்லாம் ஒரு நாள் கூடுதலாகக் கிடைத்ததே என்று சந்தோஷப்பட்டது. கம்ப்யூட்டருக்கு மட்டும் இந்தச் சமாசாரத்தை யாரும் சொல்லவில்லை போலும்.

பழைய நாளில் இந்தச் சங்கடம் வேறு விதமாகத் தீர்ந்துகொண்டிருந்தது. புத்தகத்தின் கடைசி ஏட்டில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். நூல்நிலையத்துக் குமாஸ்தா காலையில் வந்ததும் ரப்பர் முத்திரையின் தேதிச் சக்கரத்தை ஒரு தடவை திருப்பி வைப்பார். திருப்பும்போது தலைக்கு மேல் தொங்கும் காலண்டரை அண்ணாந்து பார்ப்பார். அங்கே சிவப்பு எழுத்துத் தெரிந்தால் சக்கரத்தை இன்னும் ஒரு பல் தள்ளுவார். அன்றைய இரவல் கணக்கு முழுதும் அந்த ஒரு பார்வையில் முடிந்துவிடும். அவர் தவறு செய்தால் வாசகர் சண்டை போடலாம். அவரும் தலையைச் சொறிந்துகொண்டு அபராதத்தை அடித்துவிடலாம். இப்போது காலண்டரைப் பார்ப்பதும் பல்லைத் தள்ளுவதும் மென்பொருளின் வேலை. அது சண்டைக்கு வருவதுமில்லை, தலையைச் சொறிவதுமில்லை. ஆகையால் அது வாசகரைப் பரீட்சை செய்வதற்கு முன்னால் அதை யாராவது பரீட்சை செய்திருக்கவேண்டும் அல்லவா? அந்தப் பரீட்சை எவ்விதம் நடக்கிறது என்று அன்றிரவு அந்தப் பெண்ணும் நாமும் உட்கார்ந்து விசாரித்தோம். கண்டவற்றை நேயர்களுக்குச் சொல்கிறோம்.

அந்தக் கல்லூரியில் இருப்பது எந்த மென்பொருள் என்பது இங்கே முக்கியம் அல்ல. நாம் பார்த்தது 'கோஹா' என்பதை. அதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், அதன் உள்வேலை முழுவதும் உலகத்தில் யார் வேண்டுமானாலும் படித்துப் பார்க்கும்படி திறந்து வைக்கப்பட்டிருப்பதுதான். அதன் பிறப்பும் ஒரு தேதிச் சங்கடத்தில்தான் நேர்ந்தது.

நியூஸிலாந்தின் வட தீவில், வெல்லிங்டன் நகரத்துக்கு வடக்கே லெவின் என்று ஒரு சிற்றூர். அதைத் தலைமையிடமாகக் கொண்டது ஹோரோஃபெனுவா பிரதேசத்தின் நூல்நிலையம். 1999-இல் அந்த நூல்நிலையத்தாருக்கு ஒரு கவலை வந்தது. அவர்களிடம் இருந்த பழைய மென்பொருள் 2000-ஆம் வருஷத்தைத் தாங்காது என்று தெரிந்தது. அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர்கள் பலவற்றில் வருஷத்தை இரண்டே இலக்கத்தில் எழுதும் வழக்கம் இருந்ததை நேயர்கள் அறிவார்கள். 99-க்கு அப்புறம் 00 வரும். அது 2000-ஆ, 1900-ஆ என்று யந்திரத்துக்கு விளங்காது. மற்றக் காரியாலயங்களுக்கு இந்த அபாயம் ஜனவரி முதல் தேதி வந்தது. இரவல் கொடுக்கிற நூல்நிலையத்துக்கோ 2000-ஆம் வருஷம் 1999 டிசம்பரிலேயே பிறந்துவிடுகிறது. டிசம்பர் 20-ஆம் தேதி மூன்று வாரத் தவணையில் கொடுக்கும் புத்தகத்தின் கெடு ஜனவரி 10 அல்லவா? அது 1900 ஜனவரி 10 என்று பதிவானால், வாசகர் படி இறங்குவதற்குள் நூறு வருஷம் தாமதம் செய்தவர் ஆகிவிடுவார்!

இது நாம் கட்டிய கதை அல்ல. 2000-ஆம் வருஷம் பிறந்ததும் அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து வீடியோக் கடை ஒன்றில், எடுத்துப் போன ஒரு சினிமாவைத் திருப்பிக் கொடுக்க வந்தவருக்கு யந்திரம் 91,250 டாலர் தாமதக் கட்டணம் விதித்தது. கணிதம் படிக்கிற பெண் சும்மா இருப்பாளா? வகுத்துப் பார்த்தாள். நாளைக்கு இரண்டரை டாலர் வீதம் சரியாக 36,500 நாள் வருகிறது. நூறு வருஷத்தை 365-ஆல் பெருக்கிய தொகை அது. இடையில் வந்த லீப் வருஷங்களின் இருபத்து நாலு நாட்களைக் கணக்கில் சேர்க்கவே இல்லை. "தப்பிலும் ஒரு தப்பு, மாமா" என்றாள். பாவம், அந்த மனிதருக்கு அறுபது டாலர் லாபம்.

லெவின் நூல்நிலையத்தார் பணம் கொடுத்து வேறொரு பெரிய கம்பெனியின் மென்பொருளை வாங்கியிருக்கலாம். அப்படிச் செய்யாமல், கட்டிப்போ கம்யூனிகேஷன்ஸ் என்ற உள்நாட்டுக் கம்பெனியைக் கொண்டு புதிதாக ஒன்றை எழுதச் செய்தார்கள். 2000 ஜனவரியில் அது வேலை செய்யத் தொடங்கியது. அதை அவர்கள் பூட்டி வைத்துக்கொள்ளவில்லை. யாரும் எடுத்துக்கொள்ளலாம், மாற்றலாம், மாற்றியதைப் பிறருக்கும் கொடுக்கலாம் என்று உலகத்துக்கே விட்டுவிட்டார்கள். மாவோரி பாஷையில் கோஹா என்றால் கொடை என்று அர்த்தம். அந்தச் சிற்றூரின் கொடை இன்று பல தேசங்களில், நம் நாட்டுக் கல்லூரிகளும் சர்வகலாசாலைகளும் பலவற்றில், புத்தகம் கொடுத்து வாங்கிக்கொண்டிருக்கிறது. 1924-இல் சென்னைச் சர்வகலாசாலையில் நூல்நிலைய அதிகாரியாக அமர்ந்த எஸ். ஆர். ரங்கநாதன் அதற்கு முன் கணிதப் பேராசிரியராக இருந்தவர். நாம் இனிச் சொல்லப்போகிற கணக்கைப் பார்த்திருந்தால் அவர் உற்சாகம் அடைந்திருப்பார் என்பது நம் எண்ணம்.

பதினாலு நாள் தவணை என்றால் என்ன? எடுத்த தேதியுடன் பதினாலைக் கூட்டவேண்டும், அவ்வளவுதானே என்று நாமும் நினைத்தோம். கோஹாவில் இதற்கு நாலு விதமான ஏற்பாடுகள் இருக்கின்றன. எந்த நூல்நிலையம் எதை விரும்புகிறதோ அதை வைத்துக்கொள்ளலாம்.

முதலாவது, வெறும் நாட்கணக்கு. விடுமுறை குறுக்கிட்டாலும் கவலையில்லை. கூட்டினால் எந்தத் தேதி வருகிறதோ அதுதான் கெடு. இரண்டாவது, கூட்டி வந்த தேதி மூடிய நாளாக இருந்தால் அடுத்துத் திறக்கும் நாளுக்குத் தள்ளுவது. மூன்றாவது, திறந்திருக்கும் நாட்களை மாத்திரம் எண்ணுவது. வழியில் வருகிற ஞாயிற்றுக்கிழமையும் பண்டிகையும் கணக்கிலேயே சேராது. நாலாவதுதான் மனிதர்களின் வழக்கத்தை அறிந்தவர்கள் செய்த ஏற்பாடு. வாரக்கணக்கில் தவணை இருந்து, கெடு மூடிய நாளில் விழுந்தால், அடுத்த வாரம் அதே கிழமைக்குத் தள்ளிவிடும். வியாழக்கிழமை தோறும் சந்தைக்கு வரும்போது புத்தகம் மாற்றிக்கொண்டு போகிறவரை வெள்ளிக்கிழமை வரச் சொன்னால் வருவாரா?

நம் பெண்ணின் புத்தகத்தையே இந்த நாலு ஏற்பாட்டிலும் போட்டுப் பார்த்தோம். எடுத்தது ஜனவரி 2, வியாழக்கிழமை. நூல்நிலையத்துக்கு ஞாயிறுதோறும் விடுமுறை. 14, 15, 16 பொங்கல் விடுமுறை. முதல் ஏற்பாட்டின்படி கெடு ஜனவரி 16. இரண்டாவதன்படி 17. மூன்றாவதற்கு விரல் விட்டு எண்ணினோம். 3, 4, ஞாயிறு போக 6 முதல் 11 வரை ஆறு நாள், மறுபடி ஞாயிறு போக 13, பொங்கல் போக 17, 18, ஞாயிறு போக 20, 21, 22. ஆக, பதினாலாவது நாள் ஜனவரி 22. நாலாவது ஏற்பாட்டில் அடுத்த வியாழன், ஜனவரி 23. ஒரே புத்தகம், ஒரே தவணை. விடை மட்டும் நாலு. நாலும் சரியான விடைகளே. பெண்ணின் சீட்டில் 17 என்று இருப்பதால் அவளுடைய கல்லூரியில் இரண்டாவது ஏற்பாடு போலிருக்கிறது என்று ஊகித்தோம்.

பரீட்சகருக்கு இந்த உதாரணம் ஒரு பொக்கிஷம். நாலு ஏற்பாடும் நாலு தேதி கொடுப்பதால், மென்பொருள் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைச் செய்தால் உடனே அகப்பட்டுக்கொள்ளும். இனி, புதிதாக அறிவித்த 17-ஆம் தேதி விடுமுறையையும் சேர்த்துக் கணக்கைப் போடுங்கள். முதலாவது 16, இரண்டாவது 18, மூன்றாவது 23, நாலாவதும் 23! கடைசி இரண்டும் ஒன்றாகிவிட்டன. இந்தத் தேதிகளை வைத்துப் பரீட்சை செய்தால், மூன்றாவது ஏற்பாடு தவறிப்போய் நாலாவதன் வேலையைச் செய்துகொண்டிருந்தாலும் பரீட்சகர் "தேறியது" என்று கையெழுத்துப் போட்டுவிடுவார். இரட்டைப் பிள்ளைகளில் ஒருவன் இன்னொருவனுக்காகப் பரீட்சை எழுதின மாதிரிதான். ஆகையால் தேதியைத் தேர்ந்தெடுப்பதில்தான் பரீட்சகரின் சாமர்த்தியம் இருக்கிறது. ஏதோ ஒரு தேதியை எடுத்துக்கொண்டு "பதினாலைக் கூட்டினாயா? கூட்டினேன்" என்று கேட்பதில் ஒரு பிரயோஜனமும் இல்லை.

அந்தப் பெண் இன்னொரு விஷயத்தையும் கண்டுபிடித்தாள். சில பரீட்சைகளில் சரியான விடையையும் மென்பொருளைக் கொண்டே கணக்கிட்டு, பிறகு மென்பொருளின் விடையுடன் ஒப்பிடுகிறார்கள். திருடனைக் கேட்டுத் திருட்டுப் போன பொருளுக்கு ஜாபிதா எழுதிக்கொள்வதற்கும் இதற்கும் அதிக வித்தியாசம் இல்லை. விடை, பரீட்சைத் தாளில் மனிதன் கையால் எண்ணி எழுதிய தேதியாக இருக்கவேண்டும். "2-1-2025-இல் எடுத்தால் 22-1-2025" என்று பச்சையாக எழுதியிருக்கவேண்டும். காலண்டரும் விரல்களும் அதற்குப் போதும்.

இதைவிட விசித்திரமான தொல்லை 'இன்று' என்ற சொல்லில் இருக்கிறது. "இன்று எடுத்தால் என்றைக்குக் கெடு?" என்று பரீட்சையில் எழுதிவிட்டால், அந்தப் பரீட்சை செவ்வாய்க்கிழமை தேறும், சனிக்கிழமை தவறும், திங்கட்கிழமை மறுபடியும் தேறிவிடும். இரவு பன்னிரண்டு அடிக்கும் சமயம் தொடங்கினால், பாதிப் பரீட்சை ஒரு தேதியிலும் மீதி மறு தேதியிலும் நடந்து தவறும். பகலில் வந்து பார்க்கிறவர் "ஒன்றுமில்லையே" என்பார். இரவில் மட்டும் வருகிற பல்வலி போலத்தான். ஆகவே, விவரம் தெரிந்தவர்கள் பரீட்சை நடக்கும்போது யந்திரத்தின் கடிகாரத்தை ஒரு குறிப்பிட்ட தேதியில் ஆணி அடித்தாற்போல் நிறுத்திவிடுகிறார்கள். வெளியே எந்த வருஷமாயிருந்தாலும் உள்ளே அது 2025 ஜனவரி 2, காலை பத்து மணிதான்.

ஆணியை எங்கெங்கே அடிக்கலாம் என்று இருவரும் போட்டி போட்டுக்கொண்டு யோசித்தோம். பிப்ரவரி 15-ஐ எடுத்துக்கொண்டால் பதினாலு நாளில் 2024-இல் பிப்ரவரி 29 வருகிறது. 2025-இல் மார்ச் 1. 2000-இல் பிப்ரவரி 29. 2100-இல் மார்ச் 1. நூற்றாண்டு வருஷம் நானூறால் வகுபட்டால்தான் லீப் வருஷம் என்பது விதி. 2100 வரையில் யார் இருக்கப் போகிறார்கள் என்று கேட்காதீர்கள். இரண்டு இலக்கம் போதும் என்று எழுதினவர்களும் அப்படித்தான் கேட்டிருப்பார்கள். தவணையை மாதக்கணக்கில் வைத்தால் இன்னும் வம்பு. ஜனவரி 31-இல் எடுத்த புத்தகத்துக்கு ஒரு மாதத் தவணை என்றால், பிப்ரவரி 28-ஆ, மார்ச் 3-ஆ? யந்திரங்களுக்குள்ளேயே இதில் அபிப்பிராய பேதம் உண்டு. கோஹாவில் தவணையை நாளாகவோ மணியாகவோதான் சொல்லலாம். மாதமாகச் சொல்ல இடமே இல்லை. நல்லதாயிற்று.

இல்லாத நாளில் கெடு விழுந்தால் என்ன செய்வது? நாம் வேடிக்கை பேசவில்லை. பஸிபிக் சமுத்திரத்தில் ஸமோவா என்ற தீவு நாடு, ஆஸ்திரேலியா, நியூஸிலாந்து பக்கத்து நாடுகளுடன் வியாபாரத்துக்கு ஒத்துப்போவதற்காகத் தேதிக் கோட்டின் மறுபுறம் தாண்டியது. அந்த ஊரில் 2011 டிசம்பர் 29-க்கு மறுநாள் டிசம்பர் 31. முப்பதாம் தேதி பிறக்கவே இல்லை. பிரேஸில் தேசத்தில் கோடைக்காலத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளும் வழக்கம் 2019-இல்தான் ஒழிந்தது. அங்கே தள்ளியது சரியாக நள்ளிரவில். அதனால் 2018 நவம்பர் 4-ஆம் தேதி பிரேஸிலின் பெரு நகரங்களில் இரவு பன்னிரண்டு மணி என்பதே இல்லை. முந்திய நாள் 11.59-க்கு அடுத்த நிமிஷம் ஒரு மணி. நள்ளிரவிலிருந்துதான் நாள் தொடங்குகிறது என்று நம்பி எழுதிய நிரல் அன்று திகைத்து நின்றுவிடும்.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் நாட்டு நூல்நிலையத்தின் கணக்குகள் அமெரிக்காவிலுள்ள கம்ப்யூட்டரில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இந்தக் காலத்தில் இது சர்வ சாதாரணம். அந்த யந்திரத்தின் கடிகாரத்தை நம் நேரத்துக்கு மாற்றி வைக்க யாரோ மறந்துவிட்டார்கள். ஜனவரி மாதத்தில் நமக்குக் காலை ஒன்பது மணி ஆகும்போது நியூயார்க்கில் முந்திய நாள் இரவு பத்தரை. கதவு திறந்ததும் ஓடிவந்து புத்தகம் எடுத்த மாணவனுக்கு முந்திய நாளே எடுத்ததாகக் கணக்கு ஏறி, கெடுவில் ஒரு நாள் குறைந்துவிடும். பதினொரு மணிக்குச் சோம்பலாக வந்தவனுக்கோ முழுத் தவணை!

கெடு நாளன்று எத்தனை மணி வரையில் கெடு என்பதும் ஒரு கேள்வியே. கோஹாவில் மணிக்கணக்கில் இரவல் கொடுக்கவும் வசதி உண்டு. அந்த வசதி வந்த பிறகு ஒவ்வொரு கெடுவுக்கும் தேதியுடன் மணியும் வேண்டியதாயிற்று. நாட்கணக்கு இரவலுக்கு அந்த மணி இரவு 11.59. காலை பத்து மணிக்கு எடுத்தவர் கெடு நாளன்று பதினொரு மணிக்குத் திருப்பிக் கொடுத்தால் 'ஒரு மணி தாமதம்' என்று ஆகக்கூடாது அல்லவா? இதையும் பரீட்சைத் தாளில் சேர்க்கவேண்டும். வாசகரின் அங்கத்தினர் சீட்டு கெடு தேதிக்கு முன்பே காலாவதி ஆனால், கெடுவை முன்னால் இழுப்பதா என்பதற்கும் தனி ஏற்பாடு இருக்கிறது. புத்தகத்தைப் புதுப்பித்துக் கொடுக்கும்போது பழைய கெடுவிலிருந்து எண்ணுவதா, புதுப்பித்த நாளிலிருந்து எண்ணுவதா என்பதற்கு மற்றொன்று. இவை ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும்போது வருகிற விடைகளை எண்ணி முடிப்பதற்குள் இரவு மணி பதினொன்று ஆகிவிட்டது. அடுத்த வீட்டு அம்மாள் திண்ணையில் வந்து நின்று, "ஒரு ரூபாய்க்கு இத்தனை எண்ணெயா எரிப்பது?" என்று கேட்டாள்.

எண்ணெய் வீண் போகவில்லை. அந்தப் பெண்ணின் சீட்டில் நடந்தது என்னவென்று இதற்குள் எங்களுக்குத் தெளிவாகிவிட்டது. ஜனவரி 2-ஆம் தேதி மென்பொருள் போட்ட கணக்கில் குற்றமே இல்லை. 16-ஆம் தேதி விடுமுறை, 17-க்குத் தள்ளியது. அன்று அதனிடம் இருந்த காலண்டர்ப்படி அதுவே சரி. எத்தனை பரீட்சை வைத்தாலும் தேறியிருக்கும். பிறகு 17 விடுமுறை ஆயிற்று. ஏற்கெனவே எழுதிய கெடுவை மென்பொருள் தானாகத் திருத்தாது. யாராவது திருத்தவேண்டும். 2020-இல் தொற்று நோய்க்காக உலகத்து நூல்நிலையங்கள் ஒரே சமயத்தில் கதவை மூடியபோது, வெளியே போயிருந்த புத்தகங்கள் எல்லாவற்றுக்கும் கெடுவை மொத்தமாகத் தள்ளவேண்டிய நிர்ப்பந்தம் வந்தது. கோஹாவில் அதற்கென்றே அவ்வருஷம் ஒரு கருவி சேர்த்தார்கள். மூடிய நாட்களை அபராதக் கணக்கிலிருந்து விலக்கும் ஏற்பாடும் உண்டு. ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முன்னால், 17 மூடிய நாள் என்று அதற்கு ஒருவர் சொல்லவேண்டும்.

திங்கட்கிழமை காலையில் நாமும் அவளுடன் கல்லூரிக்குச் சென்றோம். நூல்நிலைய அதிகாரி நல்ல மனிதர். சண்டைக்கு வந்திருக்கிறார்கள் என்று முதலில் எண்ணி மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். அந்தப் பெண் தான் எழுதி வந்த தாளை அவர் முன்னால் வைத்தாள். நாலு ஏற்பாடு, நாலு தேதி, 17-க்கு முன், 17-க்குப் பின் என்று கட்டம் கட்டி எழுதியிருந்தாள். அவர் மேலிருந்து கீழ் ஒரு தடவை படித்தார். பிறகு கம்ப்யூட்டரில் காலண்டரைத் திறந்தார். டிசம்பரிலேயே சர்க்கார் ஜாபிதாவைப் பார்த்து வருஷம் முழுவதற்கும் விடுமுறைகளைப் பதிந்துவிட்டாராம். 17-ஆம் தேதி உத்தரவு பிறகு வந்தது. பதியவில்லை.

வேடிக்கை ஒன்று இங்கே சொல்லவேண்டும். 2024-இல் பொங்கல் ஜனவரி 15. அவ்வருஷத்து விடுமுறைகள் 15, 16, 17. அவற்றை 'வருஷா வருஷம்' என்று பதிந்து அப்படியே விட்டிருந்தால், 2025-இல் பொங்கலன்று நூல்நிலையம் திறந்திருப்பதாகவும், 17-ஆம் தேதி மூடியிருப்பதாகவும் கம்ப்யூட்டர் நினைத்திருக்கும். தப்பான காலண்டர் அந்தப் பெண்ணை அபராதத்திலிருந்து தப்புவித்திருக்கும்!

அதிகாரி வேறொன்றைத் தேடினார். 17-ஆம் தேதி கெடு உள்ள இரவல்கள் அத்தனையும் திரையில் வந்தன. டிசம்பர் 31-இல் எடுத்தவர்களுக்குக் கெடு 14-இலிருந்து தள்ளி 17-க்கு வந்திருந்தது. புத்தாண்டன்று விடுமுறை. ஜனவரி 2-இல் எடுத்தவர்களுக்கு 16-இலிருந்து 17. மூன்றாம் தேதி எடுத்தவர்களுக்கு நேராகவே 17. மூன்று நாள் இரவல் முழுதும் அந்த ஒரே மூடிய நாளில் வந்து குவிந்திருந்தது. திரை கொள்ளாமல் பெயர்கள். பலவற்றுக்கு எதிரே ஒரு ரூபாய் வசூலாகிவிட்டதாகக் குறித்திருந்தது.

"சனிக்கிழமை பூராவும் வந்து கட்டிவிட்டுப் போனார்கள்" என்றார் அதிகாரி, மெதுவாக. "ஒருவர்கூட ஏன் என்று கேட்கவில்லை."

அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் 17-ஐ விடுமுறையாகப் பதிந்தார். அந்தப் பெண்ணின் கணக்கில் இருந்த அபராதத்தை நீக்கினார். கட்டியவர்களுக்குத் திருப்பித் தரவேண்டும் என்று பெயர்களை அச்சடித்து உதவியாளரிடம் கொடுத்தார். பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்து, "உனக்கு அடுத்த வகுப்பு எத்தனை மணிக்கு, அம்மா?" என்று கேட்டார். பதினொன்றரைக்கு என்றாள். சுவரிலிருந்த தினசரிக் காலண்டரைக் கழற்றி அவள் கையில் கொடுத்து, "ஒவ்வொன்றாக வாசி, நான் சரிபார்க்கிறேன்" என்றார்.

அவள் வாசிக்க, அவர் திரையில் பார்த்துக்கொண்டே வந்தார். ஜனவரி 25 சனிக்கிழமை, ஈடு செய்யும் வேலை நாள். ஜனவரி 26 குடியரசு தினம், ஞாயிற்றுக்கிழமை. மார்ச் 30 தெலுங்கு வருஷப் பிறப்பு, அதுவும் ஞாயிறு. மார்ச் 31 ரம்ஜான்.

"அங்கே நிறுத்து" என்றார் அதிகாரி. "பிறை தெரிவதைப் பொறுத்து ஒரு நாள் முன்பின் ஆனாலும் ஆகும். இப்போதைக்குப் பென்சிலால் குறித்து வைத்துக்கொள்ளலாம்."

அந்தப் பெண் திரையை எட்டிப் பார்த்தாள்.

"இதில் பென்சில் இல்லையே, ஸார்!" என்றாள்.